குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: உப்பு சர்க்கரைக் கரைசலை அளந்து கலக்குவது முதல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது வரை

ராத்திரி பதினொன்றரை மணி. ஒன்பது மாதக் குழந்தையான என் மகளுக்கு அன்று மாலையிலிருந்து ஐந்தாவது முறையாக வயிற்றால் போனது. மருந்துக்கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசலுக்கான தூள்) பாக்கெட்டைப் பிரித்து, பாதித் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். மீதிக்கு ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். பாலாடைக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதும் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். “நீ நாக்குல வச்சுப் பாத்தியாடி?” என்று அம்மா கேட்டபிறகுதான் ருசி பார்த்தேன். உப்புக் கரித்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், “ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கலக்கவும்” என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஐந்து டம்ளருக்கான தூளில் பாதியை ஒரே டம்ளரில் போட்டிருக்கிறேன். இருக்க வேண்டியதைப்போல இரண்டரை மடங்கு உப்பு. அவள் துப்பியது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இதே தவறைப் பார்த்துவிட்டேன். மருந்து கையில் இருக்கிறது, அளவுதான் தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து, ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

பெரியவர்களின் குடலுக்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 லிட்டர் நீர் வந்து இறங்குகிறது. நாம் குடிப்பதும் சாப்பிடுவதுமாக அதில் 2 லிட்டர்தான். மீதியெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே ஊற்றுவது. இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி மட்டுமே.

பேதி வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. காலரா கிருமியின் நஞ்சு, குடல் செல்களை உப்பை வெளியே தள்ளும்படி முடுக்கிவிடுகிறது. உப்புப் போகும் பக்கமே நீரும் போகும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரோட்டா வைரஸ் வேறு வழியில் வேலை செய்கிறது. குடலின் உள்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனியைச் சிதைக்கிறது. எந்தக் கிருமியானாலும் தண்ணீரும், உப்பில் இருக்கும் சோடியமும், பொட்டாசியமும் கொட்டிக்கொண்டு போகின்றன.

ஆனால் குடலில் ஒரு கதவு மட்டும் பெரும்பாலும் பழுதாகாமல் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் உள்ளே விடும் கதவு அது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு சோடியத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960-ல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் இந்தக் கூட்டுப் பயணத்தைப் பற்றி முதலில் சொன்னார். பேதி நேரத்தில் வெறும் உப்புத் தண்ணீர் சரியாக உள்ளே இறங்காது. வெறும் சர்க்கரைத் தண்ணீர் கெட்டியாக இருந்தால், உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். இரண்டும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாக்கெட்டில் மொத்தம் 20.5 கிராம் தூள்: 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். எல்லாம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. இழந்த பொட்டாசியத்தை ஈடுகட்டாவிட்டால் குழந்தை துவண்டுவிடும், வயிறு உப்பும். பேதியில் ரத்தத்தில் கூடும் அமிலத்தன்மையைச் சரிசெய்வது சிட்ரேட்டின் வேலை. 2002-க்கு முன்பு 3.5 கிராம் உப்பும் 20 கிராம் குளுக்கோஸுமாக இருந்தது. அடர்த்தியைக் குறைத்தபிறகு வாந்தியும் பேதியின் அளவும் குறைவதைப் பார்த்துத்தான் மாற்றினார்கள். உப்பில் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவாக, குளுக்கோஸில் ஆறரை கிராம் குறைத்ததற்கே அத்தனை பலன் இருந்தது. நான் அன்று ராத்திரி கலக்கியதை நினைத்தால் இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. போகும் நீரைத் திரும்ப உள்ளே சேர்ப்பதே இதன் வேலை. “ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் நிக்கலையே” என்று பாதியில் கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். வைரஸ் பேதி தானாக அடங்க மூன்று நாள், ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் குழந்தை தேறிவிடும்.

எட்டு கிலோ குழந்தை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரை இழந்தால் உயிருக்கே ஆபத்து. அதாவது 800 மில்லி, நம் வீட்டு டம்ளரில் நான்கு. ஒரே ராத்திரியில் நான்கு டம்ளர் போய்விடக்கூடும்.

முதல் படி: குழந்தையைப் பாருங்கள்

பாக்கெட்டைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் குழந்தையைப் பாருங்கள். விளையாடுகிறதா, சிணுங்கிக்கொண்டே இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? கண் உள்ளே போயிருக்கிறதா? தண்ணீர் காட்டினால் என்ன செய்கிறது?

அடுத்தது தோல். தொப்புளுக்கும் இடுப்புப் பக்கவாட்டுக்கும் நடுவில், வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுக்குவாக்கில் ஒரு நொடி பிடித்து விடுங்கள். கிள்ளக்கூடாது, மடித்துத் தூக்கினால் போதும். விட்ட உடனே சமமாகிவிட்டால் நீர் இருக்கிறது. மடிப்பு கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் கூடாரம்போல நின்றால் நிலைமை மோசம். கொழுகொழு குழந்தையிடமும் மிகவும் மெலிந்த குழந்தையிடமும் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும் என்பதால் இதை மட்டும் நம்பாமல் மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பாருங்கள். கைக்குழந்தையானால் உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள். அழாமல் உட்கார்ந்திருக்கும்போதே குழி விழுந்திருந்தால் அதுவும் நீர் குறைந்த அடையாளம்.

சிறுநீர் எப்போது போனது என்பதும் முக்கியம். டயப்பர் போட்டிருந்தால் நீராகப் போன பேதி எது, சிறுநீர் எது என்று பிரித்தறிய முடியாது. அன்று மட்டும் டயப்பரைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பருத்தித் துணி கட்டுங்கள். துவைக்கச் சிரமம்தான். ஆனாலும் சிறுநீரின் நிறமும் அளவும் தெரியும், ரத்தமோ சளியோ இருந்தாலும் தெரியும்.

பார்த்ததை வைத்து முடிவெடுங்கள். குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். எரிச்சலாக, கண் குழிந்து, தண்ணீரைப் பார்த்ததும் பாய்ந்து குடித்தால் நீர் குறைந்துவிட்டது. கரைசலைக் கொடுத்துக்கொண்டே அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ டாக்டரிடமோ போக வேண்டும். துவண்டு, எழுப்பினாலும் எழாமல், குடிக்கவும் முடியாமல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் நரம்பு வழியாக நீர் ஏற்றியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையென்றால் எந்தக் கணக்கும் போடாமல் நேராக டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இரண்டாம் படி: கலக்குவது

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாக்கெட்டைத் திருப்பி, எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று படியுங்கள். கடையில் இரண்டு வகை கிடைக்கிறது. ஏறக்குறைய 21 கிராம் உள்ளது ஒரு லிட்டருக்கு. ஏறக்குறைய 4 கிராம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. ராத்திரி நேரத்தில் கைக்குழந்தைக்கு இந்தச் சின்னதுதான் சௌகரியம் என்பது என் அனுபவம்.

டம்ளரை நம்பாதீர்கள். ஒரே அலமாரியில் 150 மில்லி டம்ளரும் 250 மில்லி டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குச் சரியான அளவு, கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை அதில் நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் கொட்டி, தூள் அடியில் தங்காமல் கலக்குங்கள். பாதித் தூள், பாதித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாக்கெட்டுக்குள் உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணளவில் பாதி பிரிக்கவும் முடியாது.

கலக்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். கண்ணீரின் உப்பைவிடக் கூடுதலாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். அடர்த்தி கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம். நீர்த்துப்போனால் பலன் இருக்காது. கலந்தபின் சூடு பண்ணக்கூடாது. பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதையும் சேர்க்கக்கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கடை மூடிவிட்டது, பாக்கெட் இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. சாம்பாருக்கு உப்பு அள்ளும் பெரிய கரண்டி ஆகாது, கல்லுப்பும் ஆகாது. அளவு மாறிவிடும். இதில் பொட்டாசியம் இல்லை. காலையில் பாக்கெட் வாங்கும்வரைதான் இது.

ஒரு எச்சரிக்கை. டெட்ரா பேக்கில் பழச்சுவையோடு விற்கும் பானங்களில் பலவற்றின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. சரியான சேர்மானம் இல்லாத பானங்களின் பெயரில் இந்தச் சொல் வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குளுக்கோஸ் பவுடர் வேறு, ஓ.ஆர்.எஸ். வேறு. குளுக்கோஸ் பவுடரில் உப்புச் சத்து போதாது. சோடா, பாக்கெட் ஜூஸ் கொடுத்தால் பேதி கூடும்.

மூன்றாம் படி: கொடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். மடக்மடக்கென்று ஊற்றினால் வாந்தி வரும். குழந்தையை மடியில் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பாலாடையிலோ ஸ்பூனிலோ, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். படுக்க வைத்துக் கொடுத்தால் புரையேறும்.

ஒவ்வொரு முறை நீராகப் போனதும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேற்பட்டவர்கள் வேண்டிய அளவு குடிக்கலாம்.

நீர் குறைந்துவிட்ட குழந்தைக்கு கிலோவுக்கு 75 மில்லி என்று கணக்கிட்டு நான்கு மணி நேரத்தில் கொடுக்கச் சொல்வார்கள். எட்டு கிலோவுக்கு 600 மில்லி. மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் என்று விடாமல் கொடுத்தால் மணிக்கு 150 மில்லி, நான்கு மணி நேரத்தில் அதே 600. இதை முடிந்தவரை சுகாதார நிலையத்தில், ஒரு செவிலியர் பார்வையில் செய்யுங்கள். நடுநடுவே குழந்தையைப் பரிசோதித்து அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

வாந்தி எடுத்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். குடித்ததில் ஒரு பங்கு அதற்குள் குடலுக்கு இறங்கியிருக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, முன்னைவிட மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் என்று ஆரம்பியுங்கள். அன்று எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டோம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நான் ஒரு மணி நேரம், அவர் ஒரு மணி நேரம். மூன்றரை மணிக்குத் துணி நனைந்தது, வெளிர் மஞ்சளாகச் சிறுநீர். அம்மா அந்தத் துணியை விளக்கடியில் கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டினார்.

தாய்மார் கையிலேயே இந்தச் சிகிச்சையை ஒப்படைக்கலாம் என்பது பெரிய நெருக்கடி ஒன்றில் நிரூபணமானது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பாங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பாக்கெட் போடவைத்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளைகளைக் கொடுத்தார். 100-க்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

நான்காம் படி: ஜிங்க் மாத்திரை

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினமும் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். சிதைந்த குடல்சுவர் ஆறவும், அடுத்த சில மாதங்களுக்குப் பேதி திரும்ப வராமலிருக்கவும் இது உதவுகிறது. ஒரு ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டு மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடும். அரசு சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ்ஸோடு சேர்த்து இலவசமாகவே தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: சாப்பாடு

“லங்கணம் பரம ஔஷதம்” என்று வயிற்றைக் காயப்போடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. குழந்தைப் பேதியில் அது கூடாது. சாப்பிடாத குடல் ஆறுவதற்குத் தாமதமாகும், எடையும் இறங்கும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். திட உணவு பழகிய குழந்தைக்கு இட்லி, குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. குணமானபின் இரண்டு வாரம்வரை தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அருமையான பானம். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் சிறுகச் சிறுக குளுக்கோஸாக உடைகிறது, உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுக்கும் சர்க்கரைச் சுமை இல்லை. நீர்மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. கூடுதலாகக் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது.

செய்யக்கூடாதவை

உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், கண் சொருகினால், “உரம் விழுந்திருக்கு”, “குடலேத்தம்”, “தொக்கம் எடுக்கணும்” என்று நாட்டு வைத்தியம் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அப்படிச் சொல்கிற பாட்டிகள் குழந்தைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சரியாகக் கவனித்த அந்தக் குழி, நீர் வற்றியதன் அடையாளம். தட்டியும் உருட்டியும் ஊதியும் நீர் வராது. அந்த இரண்டு மணி நேரத்தில் கொடுத்திருக்க வேண்டிய கரைசல்தான் நஷ்டம்.

பேதியை உடனே நிறுத்தும் லோபரமைடு வகை மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவை முடக்கி வயிற்றை உப்பவைத்துவிடும். நீராகப் போகும் பேதியில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ரத்தம் கலந்து போனாலோ காலரா என்று தெரிந்தாலோ டாக்டர் எழுதிக் கொடுப்பார். போன தடவை மிஞ்சிய சிரப்பை ஊற்றாதீர்கள்.

ஆறாம் படி: எப்போது கிளம்புவது

மலத்தில் ரத்தம். எதைக் கொடுத்தாலும் வாந்தி. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை. கடும் காய்ச்சல், வலிப்பு. பித்தப் பச்சையாக வாந்தி, வயிறு கல்போல உப்புதல். குடிக்க மறுப்பது, அளவுக்கு மீறிய தூக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போகும் வழியிலும் ஸ்பூனை நிறுத்தாதீர்கள், குழந்தை விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால்.

மலம் எத்தனை முறை, வாந்தி எத்தனை முறை, கடைசிச் சிறுநீர் எத்தனை மணிக்கு, கரைசல் எத்தனை மில்லி இறங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பதற்றத்தில் வாயால் சொல்லும்போது எல்லாம் குழம்பிவிடும்.

தொற்று திரும்ப வராமலிருக்க

குழந்தைக்குக் கால் கழுவிவிட்டபின்னும், ஊட்டுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பால் புட்டியை ஒதுக்கிவிட்டு, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையையே பயன்படுத்துவது. ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்தை 6, 10, 14-ஆம் வாரங்களில் தவறாமல் போடுவது. இந்தியாவில் 2016 முதல் இது படிப்படியாக இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இந்திய வைரஸிலிருந்தே உருவான ரோட்டாவாக் மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று.

எங்கள் வீட்டில் இப்போது சமையலறை மேல்தட்டில் ஒரு டப்பா இருக்கிறது. நாலு சின்ன பாக்கெட், 200 மில்லியில் நெயில்பாலிஷால் கோடு போட்ட ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு பாலாடை, டீஸ்பூன் ஒன்று. பாக்கெட்டின் காலாவதி தேதியைப் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை பார்க்கிறேன். அந்தக் கோடு எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் தெரியும். அவர் படிக்கத் தெரியாதவர். அதனால் பாக்கெட்டையும் டம்ளரையும் ஒரே கவரில் சுற்றி வைத்திருக்கிறேன்.